கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பாட்டு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 38. நான் கிறிஸ்தவள் இல்லை. கிறிஸ்துமஸ் என்றாலே இத்தனை வருடமும் முகத்தைச் சுளித்தே பழகிவிட்டேன், காரணம் பள்ளியில் ஒரு ஆசிரியை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வகுப்பில் எழுப்பி நிறுத்தி, இயேசுவை ஏற்காதவர்கள் நரகத்துக்குத்தான் போவார்கள், உன் அம்மாவும்தான் என்றார். அன்று ராத்திரி அம்மா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

இப்போது பிரச்சினை வேறு. எங்கள் குடியிருப்புக்கு டிசம்பரில் கேரல் பாடுகிறவர்கள் வருவார்கள். விளக்கை அணைத்துவிட்டு, போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் நிற்பேன். போன வருடம் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். ஒரு சிறுவன், கையிலிருந்த மெழுகுவர்த்தி உருகி விரலில் வழிய வழிய, அதை உதறக்கூடச் செய்யாமல் பாடிக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வருடம் நவம்பரிலிருந்தே காத்திருக்கிறேன். அம்மாவுக்குத் துரோகம் செய்வது போல இருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு குழந்தையிடம் அப்படிப் பேசியது தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெறுத்தது கிறிஸ்துமஸை என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயம், கோபமாக மாறி இத்தனை வருடம் உங்களோடு இருந்திருக்கிறது.

ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு எண்ணங்களைச் சுமக்கும்போது மனம் படும் அவஸ்தையை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957-ல் விளக்கினார். அவஸ்தை தாங்காமல் ஏதாவது ஒன்றை உதறப் பார்ப்போம். நீங்கள் எதையும் உதற வேண்டாம். பாட்டை ரசிப்பது வேறு, மதத்தை ஏற்பது வேறு. கொண்டாட்டமும் மதமும் ஒன்றுதான் என்றால், 1659-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பியூரிட்டன் என்ற கண்டிப்பான பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்களே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்களுக்கு 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டிருப்பார்களா? பைபிளில் இப்படி ஒரு விழாவே சொல்லப்படவில்லை என்பது அவர்கள் வாதம். 1681-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

இந்த டிசம்பரில் விளக்கை அணைக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து நின்று கேளுங்கள். ஜெபத்துக்குக் கூப்பிட்டால், பாட்டு மட்டும் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம், அம்மா இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அந்த ராத்திரி அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்ததை அவரிடம் சொல்லுங்கள். அது இன்றுவரை அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.