யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் பூங்காவின் கேனோபி ஃபிளையர் என்ற ரோலர் கோஸ்டர் எங்கிருந்து வந்தது? சின்ன ரைடுக்கு ஏன் இவ்வளவு நீள வரிசை?

வரிசை நகராததற்குக் கூட்டத்தையோ ஊழியர்களையோ குறை சொல்லிப் பயனில்லை. அந்த ரைடின் வடிவமே அப்படி.

இதற்கு ஓர் அக்கா உண்டு. ஆர்லாண்டோவில் 1999இல் திறந்த ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவின் டெரனோடான் ஃபிளையர்ஸ்தான் அது. செய்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து செட்பாயிண்ட் நிறுவனம். தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, கீழே தொங்கும் வண்டியில் இரண்டே பேர். அங்கே பெரியவர்கள் மட்டும் ஏற முடியாது. 36 முதல் 56 அங்குல உயரமுள்ள பிள்ளை ஒன்று கூட வர வேண்டும். அதே நிறுவனம் 2000இல் கேரோவிண்ட்ஸ், 2002இல் ஹெர்ஷிபார்க் பூங்காக்களுக்குத் தண்ணீர் கொட்டும் தொங்கு கோஸ்டர்களைச் செய்தது. அவர்களிடமிருந்தே 2010இல் சிங்கப்பூரின் செந்தோசா தீவுக்கு வந்த கேனோபி ஃபிளையரில் இருக்கை நான்கு: இருவர் முன்பக்கம் பார்த்தபடி, இருவர் பின்பக்கம் பார்த்தபடி. குறைந்தபட்ச உயரம் 92 செ.மீ.

இனி கணக்குக்கு வருவோம். 40 விநாடிக்கு ஒரு வண்டி புறப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 90 வண்டி, 360 பேர். உங்களுக்கு முன்னால் 200 பேர் நின்றால் 33 நிமிடம். பெல்ட் சரிபார்க்க, பிள்ளையைச் சமாதானப்படுத்த என்று இடைவெளி ஒரு நிமிடமானால் அதே வரிசை 50 நிமிடம். மூவராகப் போகும் குடும்பத்தால் ஓர் இருக்கை காலியாகப் போனால் அந்தச் சுற்றில் கால்வாசி நஷ்டம். அதே பூங்காவில் 16 பேர் ஏறும் மம்மி ரைடு அதே 40 விநாடிக்கு ஒன்று புறப்பட்டால் மணிக்கு 1,440 பேரை அனுப்பிவிடும்.

வேகமாக அடுத்தடுத்து அனுப்பினால் என்ன? முடியாது. தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். மேடையில் இறங்க ஒருவர் தாமதித்தால் பின்னால் வருவது பிரேக்கில் நிற்கும், அதற்குப் பின்னாலுள்ளதும் காத்திருக்கும்.

ஆனாலும் பிள்ளைகளுக்கு இது அருமையான முதல் கோஸ்டர் என்பேன். வரிசையில் நிற்கும்போது தலைக்கு மேலே வளைவில் திரும்பும் வண்டியைக் கவனியுங்கள்: அது ஊஞ்சல்போல் வெளிப்பக்கம் வீசிச் சாயும். அப்படிச் சாய்வதால் விசை இருக்கையை நோக்கி இறங்குகிறது; பக்கவாட்டில் உடம்பைத் தள்ளுவதில்லை, கழுத்தும் குலுங்குவதில்லை. முதல்முறை ஏறும் பிள்ளைக்கு முன்பக்க இருக்கைதான் நல்லது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வளைவு வருவது தெரியாது, சில பிள்ளைகளுக்குக் குமட்டும்.

பூங்காவின் கதவு திறந்ததும் நேராக இந்த ரைடு இருக்கும் லாஸ்ட் வேர்ல்டு பகுதிக்கு நடந்துவிடுங்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதால் கூட்டம் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். அதே பகுதியிலுள்ள ரேப்பிட்ஸ் அட்வென்ச்சர் என்ற தண்ணீர் ரைடில் முதலில் ஏறாதீர்கள்: தொப்பலாக நனைந்தபடி காற்றில் தொங்கினால் பிள்ளைக்குக் குளிரும், காலில் ஈரச் செருப்பும் நிற்காது. பிற்பகல் இடிமழையில் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். மின்னல் அடங்கி, வெற்று வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மறுபடி ஆள் ஏற்றுவார்கள் என்பதால் மழை விட்டதும் ஓடிப்போய் நிற்க வேண்டாம், 122 செ.மீ. தாண்டிய பிள்ளையாக இருந்தால் அந்த நேரத்தில் கூரைக்குள் ஓடும் மம்மிக்குப் போய்விடலாம்.