முகம் இல்லாத படம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். தாத்தா குடும்பம் 1972இல் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. போன மாதம் அப்பா தவறிவிட்டார். அவருடைய தகரப்பெட்டியில் ஒன்பது போட்டோக்கள் இருந்தன. ஒன்று ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படம், ஏழு பேர். ஓரத்தில் நிற்கும் பெண்ணின் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அங்கேயே தங்கிவிட்ட பெரிய அத்தையாக இருக்கும் என்கிறார் அம்மா. கூடப்பிறந்தவள் மேல் அப்படி என்ன கோபம்? வீட்டில் வைத்துக்கொள்ளவே மனம் வரவில்லை. படத்தை இணைத்திருக்கிறேன்.

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். அந்தப் படத்தை எறிந்துவிடாதீர்கள்.

இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் கத்தரி எடுப்பவர் ஆளையே வெட்டிவிடுவார். இங்கே கழுத்துக்குக் கீழே எல்லாம் அப்படியே இருக்கிறது. சேலை மடிப்பு, கண்ணாடி வளையல், உங்கள் பாட்டியின் தோளைப் பற்றியிருக்கும் நான்கு விரல்கள். முகத்தை மட்டும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பிசிறில்லாமல் எடுத்திருக்கிறார்கள். இடது பக்கம் பென்சில் கோட்டின் மிச்சம்கூடத் தெரிகிறது.

எங்கள் வீட்டிலும் இப்படி ஓர் ஓட்டைப் படம் உண்டு. அதில் இல்லாதது பெரியப்பாவின் முகம். மனுவோடு போட்டோ இல்லையென்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள்தான் கடைசி நாள். டவுனுக்குப் போய்ப் படமெடுத்துக் கழுவி வாங்க ஒரு வாரமாகும், அன்றைக்குப் பேரும் விழாது, கூலி போய்விடும். அப்பாயிதான், அப்பாவைப் பெற்றவர், சுவரிலிருந்த படத்தை இறக்கி, தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தாராம். பிறகு அதையே மறுபடி மாட்டிவைத்தார். உங்கள் அத்தையின் முகமும் ஏதோ ஒரு மனுவில்தான் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

குடியுரிமைக் காகிதத்துக்காக அந்த மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்த அண்ணன் இந்தியாவுக்கு மனுப்போட, கட்டிக்கொடுத்த தங்கை புருஷன் வீட்டாரோடு இலங்கைக்கு மனுப்போட்டாள். உங்கள் அத்தை தங்கியதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போகிறவர்களை ஏற்றிச்சென்ற ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலைமன்னார் வரை அது. அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கொழுந்து பறிக்கிற ஏழு பேர் ஒரே நாளில் வேலையை விட்டு, உள்ளதில் நல்ல துணியை உடுத்தி ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள் என்றால், கோச்சி ஏறும் நாள் நெருங்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. தோளை விடாத அந்தக் கையை இன்னொரு முறை பாருங்கள். விரோதம் பிடித்த வீட்டில் எடுத்த படமா அது?

படத்தின் பின்பக்கம் அம்மாவுக்குத் தெரிந்த பெயர்களை எழுதிவையுங்கள். மெத்தென்ற பென்சில் போதும், பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தழும்பு விழும். பசைத்தாள் ஆல்பத்திலும் வைக்காதீர்கள், பிறகு உரித்தெடுக்க முடியாது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். எங்கள் குடும்பம் கிளம்பும்போது எடுத்த படத்துக்கு இரண்டு பிரதி போட்டார்கள். போகிறவர்களுக்கு ஒன்று, இருக்கிறவர்களுக்கு ஒன்று. உங்கள் படத்துக்கும் அங்கே ஒரு ஜோடி இருக்கலாம், வெட்டுப்படாமல். அத்தை இருந்த தோட்டத்தின் பெயரையும், அதில் எந்தப் பிரிவு (டிவிஷன்) என்பதையும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். ஹட்டனில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், நேரில் போய் விசாரிக்கச் சொல்கிறேன்.