60 வாட் பல்புக்குக் கணக்கில் 882 ஓம், மீட்டரில் 65 ஓம்: எது சரி?

வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கணக்கிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் 882 ஓம் வருகிறது, அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 65 ஓம்தான் காட்டுகிறது, எங்கே தப்பு என்பது உங்கள் சந்தேகம்.

எங்கேயும் தப்பு இல்லை. கணக்கும் சரி, மீட்டரும் சரி. இந்த இடத்தில் நின்று யோசித்தீர்களே, அதுதான் நல்ல விஷயம். பலர் மீட்டரைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சூத்திரம் சின்னது. வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். உங்கள் பல்பில் 60-ஐ 230-ஆல் வகுத்தால் 0.261 ஆம்பியர். 230-ஐ அந்த 0.261-ஆல் வகுத்தால் 880 ஓம் சொச்சம். ஆனால் இது பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது உள்ள மின்தடை. அப்போது டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கிறது. உலோகம் சூடேற ஏற மின்தடையும் ஏறும். நீங்கள் மீட்டரில் வைத்ததோ ஆறிப்போன பல்பு. அதனால்தான் பதின்மூன்று மடங்கு வித்தியாசம்.

அந்த 65 ஓமுக்கும் வேலை உண்டு. ஸ்விட்ச் போட்ட நொடியில் இழை ஆறித்தான் இருக்கும். 230-ஐ 65-ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றரை ஆம்பியர்! கண் இமைப்பதற்குள் சூடேறிக் கால் ஆம்பியருக்கு இறங்கிவிடும். குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே 'டப்'பென்று போவது இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. 1,000 வாட் பெட்டிக்குக் கணக்கில் 52.9 ஓம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரில் பார்த்தாலும் அதை ஒட்டியே வரும். உள்ளே இருப்பது நைக்ரோம் கம்பி, சூட்டில் அதன் மின்தடை கொஞ்சம்தான் மாறும்.

ஓம் என்ற பெயருக்கு உரிய ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம், 1826-ல் சோதனை செய்தபோது இதே மாதிரிச் சிக்கலில்தான் மாட்டினார். அன்றைய மின்கலங்களின் அழுத்தம், அதாவது வோல்டேஜ், அளக்க அளக்க இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, ஆடாத அழுத்தம் ஒன்றை உண்டாக்கிக்கொண்ட பிறகே மேலே சொன்ன வகுத்தல் விதி அவருக்குப் பிடிபட்டது.

எந்த நேரத்து மின்தடை என்பது போலவே, எந்த இடத்து வோல்டேஜ் என்பதும் கணக்கில் முக்கியம். இதை எனக்கு எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் கற்றுத் தந்தது. 1,500 வாட், அதாவது ஆறரை ஆம்பியர். ஒரு நாள் காலையில் குளியலறைப் பக்கம் மீன் வாடை போல ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி உப்பியிருந்தது. உள்ளே வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட தளர்ந்த இணைப்பில் அரை ஓம் இருந்தாலே என்ன ஆகும்? இங்கேதான் பலரும் 230-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி அரையால் வகுத்தால் ஒரு லட்சம் வாட்டுக்கு மேல் வரும். வீடே எரிந்திருக்க வேண்டும். 230 வோல்ட் அந்த ஸ்க்ரூவின் குறுக்கே இல்லை, மொத்தச் சுற்றின் குறுக்கே இருக்கிறது. ஸ்க்ரூவுக்குக் கிடைப்பது ஆறரை ஆம்பியர் பெருக்கல் அரை ஓம், மூன்றேகால் வோல்ட். அதை ஆறரையால் பெருக்கினால் 21 வாட். சின்ன எண்தான். ஆனால் சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட்! ஈயத்தை உருக்குகிற சூடு, சுண்டு விரல் நுனி அளவு இடத்தில். ஹீட்டர் பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் தயவுசெய்து அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஃபேனுக்கும் மோட்டாருக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். வீட்டு ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் கம்பிச்சுருள் இருந்தால் வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவது உண்மையான வாட்டைவிட அதிகமாக இருக்கும். பவர் ஃபேக்டர் என்ற, ஒன்றுக்குக் குறைவான எண்ணையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். எல்இடி பல்பை ஓம் மீட்டரில் வைப்பதில் பயனே இல்லை.

நீங்களே செய்து பார்க்க ஆசை இருந்தால் 230 வோல்ட்டில் வேண்டாம். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பு போதும். கணக்கில் 0.83 ஆம்பியர், 14.4 ஓம். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, பல்போடு தொடராக இணைத்து அளங்கள். அளந்து முடித்ததும் வயரை வோல்ட் ஓட்டைக்கே மாற்றிவிடுங்கள். மறந்துபோய் பேட்டரியின் இரு முனையில் வைத்தால் ஷார்ட் ஆகும். அதே பல்பை 5 வோல்ட் செல்போன் சார்ஜரில் கொடுங்கள். 14.4 ஓம் என்றால் 0.35 ஆம்பியர் ஓட வேண்டும். மீட்டர் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். மங்கலாக எரியும் அந்த இழையைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.