ஒவ்வாமை ஆஸ்துமா: செல்லுக்குள் என்ன நடக்கிறது? உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒரே வீடு, ஒரே தூசி. எனக்கு மட்டும் இழுப்பு, அண்ணனுக்கு ஒன்றுமில்லை. ஏன் சார்?

தூசிப்பூச்சியின் எச்சத்தில் டெர் பி1 என்ற நொதி இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்புறச் செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் புரதங்களை அது வெட்டிவிடும். அடிபட்ட செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற புரதங்களை வெளியிட்டு ஆபத்து என்று அறிவிக்கின்றன. ஒவ்வாமை உள்ளவர் உடலில் அதைக் கேட்டு ஐஎல்-4, 5, 13 என்ற மூன்று சமிக்ஞைப் புரதங்களும் பெருகும். 4 ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஇ-யை உண்டாக்கத் தூண்டும், 5 ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களை வளர்க்கும், 13 சளியைப் பெருக்கும். உங்கள் அண்ணன் உடல் அதே தூசியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தருவது என்று பள்ளியில் படித்தேன். இழுப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. டெல்லியில் உள்ள ஐஜிஐபி என்ற மரபணு, உயிரியல் ஆய்வு நிறுவனத்தார் 2008-இல் முட்டை வெள்ளைக்கருப் புரதத்தால் எலிகளுக்கு ஆஸ்துமா வரவழைத்துப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியா வீங்கி, உள்மடிப்புகள் சிதைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு நுரையீரலில் குறைந்திருந்தது. ஐஎல்-4-ஐத் தடுத்ததும் பெரும்பாலான பாதிப்பு சரியாகிவிட்டது. அதாவது ஒவ்வாமைதான் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது.

அப்புறம் 2009-இல் அமெரிக்காவில் இதையே மறுபக்கமிருந்து பார்த்தார்கள். எலிகளின் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு புரதத்தை முன்கூட்டியே குறைத்துவிட்டு ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தைக் கொடுத்தபோது, ஈசினோஃபிலும் சளியும் வழக்கத்தைவிட அதிகமாயின. பழுதான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும், எளிதில் வினைபுரிந்து செல்லைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழற்சியைக் கிளறிவிடுகின்றன. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுற்றை எங்கே அறுப்பது என்பதுதான் எங்கள் துறையின் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஸ்டெம் செல் கொடுத்தால் ஆஸ்துமா குணமாகும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன்...

தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவைச் சுமந்து செல்லும் மிரோ1 என்ற புரதம் அதிகமுள்ள ஸ்டெம் செல்கள், மெல்லிய குழாய்கள் வழியே தங்கள் மைட்டோகாண்ட்ரியாவை நோயுற்ற செல்களுக்குக் கொடுத்தன. 2014-இல் வந்த இந்த அருமையான ஆய்வும் ஐஜிஐபியிலிருந்துதான். ஆனால் குணம் தெரிந்தது எலிகளில். அதை வைத்து மனிதர்களிடம் காசு வாங்குவது தவறு.

கேள்வி: மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உண்டாக்க உதவும் பொருளாமே, கோ-க்யூ10 மாத்திரை வாங்கலாமா?

ஆஸ்துமாவுக்காக என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் இன்ஹேலர் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது. இரண்டு மாதமாக இழுப்பே இல்லை. தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மேலே சொன்ன ஐஎல் புரதங்கள் உருவாவதையே அந்த மருந்து அடக்கி வைக்கிறது. இழுப்பு இல்லாதது அதனால்கூட இருக்கலாம். அளவைக் குறைப்பதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை வைத்துக் கொடுங்கள், பஃப் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.