பதில்: டாப்பா விண்ணப்பத்துக்கு ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

அனுமதிக் காலம் முடிந்தும் அமெரிக்காவில் இருக்கும் உங்களிடம், டாப்பாவுக்கு (DAPA) விண்ணப்பிக்க ஓர் ஏஜென்ட் பணம் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து கட்டாதீர்கள். அந்த ஏஜென்ட் சொல்லும் டாப்பா திட்டம் ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளின் பெற்றோரை, உரிய அனுமதி இல்லாவிட்டாலும் நாடு கடத்தாமல் தற்காலிகமாக இருக்கவிடும் அந்தத் திட்டத்தை 2014 நவம்பரில் அப்போதைய அதிபர் ஒபாமா அறிவித்தார். 2015 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்றம் தடுத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் தடை அப்படியே நின்றது. 2017-இல் திட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இல்லாத திட்டத்துக்கு என்ன கட்டணம்?

நான்கு வயதில் வந்த மூத்த மகனுக்கு டாக்கா (DACA, சிறுவயதில் அமெரிக்கா வந்தவர்களை நாடு கடத்தாமல் தற்காலிகமாக இருக்கவிடும் திட்டம்) கிடைக்குமா என்கிறீர்கள். 2007 ஜூன் 15-க்கு முன்பே வந்தவர் என்பதால் வரையறைக்குள் வரலாம். ஆனால் டெக்சாஸ் நீதிமன்றத்தின் 2021 ஜூலைத் தீர்ப்பு புதிதாகத் தருவதை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குத்தான் புதுப்பித்தல்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் விசிட்டர் விசாவில் முறைப்படி நுழைந்தவர். அமெரிக்காவில் பிறந்த மகளுக்கு 21 வயதானதும் அவள் உங்களுக்காக மனு போடலாம். விசா காலாவதியாகியிருந்தாலும், நாட்டைவிட்டுப் போகாமலே கிரீன் கார்டு கேட்க முடியும். அதற்குள் ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று கிளம்பிவிடாதீர்கள்! ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால், மீண்டும் நுழையப் பத்தாண்டு தடை. நீங்கள் நுழைந்ததைப் பதிவு செய்த பழைய ஐ-94 தாளைத் தேடி எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.