கிளியரிங்ஹவுஸ்: உங்கள் பதிவை யார் திறந்து பார்க்கலாம்?

அமெரிக்காவில் ட்ரக், பஸ் ஓட்டும் கமர்ஷியல் லைசென்ஸ்காரர்களின் போதைப்பொருள், மது விதிமீறல்கள் 2020 ஜனவரி 6 முதல் ‘கிளியரிங்ஹவுஸ்’ என்ற மத்திய அரசுத் தளத்தில் பதிவாகின்றன. அதுபற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கே: டொரன்டோவிலிருந்து அமெரிக்காவுக்கு லோடு ஏற்றிப் போகிறேன். புதிதாகச் சேரும் கம்பெனியில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனாலும், ‘கிளியரிங்ஹவுஸில் நீங்கள் இன்னும் ஓகே கொடுக்கவில்லை’ என்று வண்டியைத் தர மறுக்கிறார்கள். கனடா லைசென்ஸுக்கும் இந்த விதி உண்டா?

ப: உண்டு. அமெரிக்கச் சாலையில் கனரக வண்டி ஓட்டும் கனடா, மெக்சிகோ ஓட்டுநர்களும் இதற்குள் வருகிறார்கள். கம்பெனி சொல்வதும் சரிதான். பதிவைத் தேடுவதில் இரண்டு வகை. ‘லிமிடெட் குவெரி’யில் உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா, இல்லையா என்பது மட்டும் தெரியும். அதற்குத்தான் நீங்கள் கையெழுத்திட்ட கடிதம் போதும். ‘ஃபுல் குவெரி’யில் என்ன மீறல், எந்தத் தேதி, அதன்பின் என்ன நடந்தது என எல்லாம் திறக்கும். வேலையில் சேர்க்குமுன் இதைத்தான் செய்தாக வேண்டும். இதற்குக் காகிதக் கையெழுத்து செல்லாது. நீங்களே தளத்தில் உள்நுழைந்து, அந்தக் கம்பெனியின் அந்த ஒரு கோரிக்கைக்குச் சம்மதம் தர வேண்டும். முந்தைய கம்பெனிக்குக் கொடுத்த சம்மதம் இதற்கு உதவாது.

கணக்கு இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். ஓட்டுநருக்குக் கட்டணம் கிடையாது. சம்மதிக்க மறுப்பது விதிமீறலாகப் பதிவாகாது. ஆனால் அந்தக் கம்பெனி வண்டியை நீங்கள் ஓட்ட முடியாது. இன்னொன்று: கனடாவில் கஞ்சா சட்டபூர்வம் என்பது அமெரிக்க விதிப்படி எடுக்கும் சோதனையில் செல்லாது. பாசிட்டிவ் வந்தால் மீறல்தான்.

கே: நியூ ஜெர்சியில் 3 ட்ரக் வைத்திருக்கிறோம், நானும் ஓட்டுகிறேன். ஓட்டுநர்களின் பதிவை ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய தேடலில் எங்கே தவறு நேர்கிறது?

ப: முதலில், உங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். பல சிறு முதலாளிகள் விட்டுவிடும் இடம் இது. நீங்களே ஓட்டுநராகவும் இருப்பதால், சோதனைகளை நடத்தித் தரும் வெளி நிறுவனம் ஒன்றைத் தளத்தில் நியமித்தாக வேண்டும். அவர்கள் உங்களுக்காகத் தேடலாம். ஆனால் தேடலுக்கான தொகையை, ஒன்றுக்கு 1.25 டாலர் வீதம், உங்கள் கணக்கிலிருந்து நீங்கள்தான் கட்ட வேண்டும்.

12 மாதக் கெடு என்பது ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கடைசியாகத் தேடிய நாளிலிருந்து எண்ணப்படுவது. ஜனவரியில் ஒருமுறை, அடுத்த ஆண்டு டிசம்பரில் ஒருமுறை என்று நாட்காட்டி ஆண்டைப் பார்த்துத் தேடினால் இடையில் ஏறக்குறைய 2 ஆண்டு ஓடிவிடும். ஓட்டுநர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து லைசென்ஸ் மாற்றியிருந்தால், பழைய எண்ணிலேயே தேடி, ‘பதிவு இல்லை’ என்று வந்ததை நம்பிவிடாதீர்கள். பெயர், பிறந்த தேதி, லைசென்ஸ் எண், மாநிலம் நான்கையும் கையிலுள்ள அட்டையைப் பார்த்துச் சரிபார்த்துப் பதியுங்கள்.

லிமிடெட் குவெரியில் ‘பதிவு உண்டு’ என்று வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஃபுல் குவெரி முடிய வேண்டும். முடியாவிட்டால் அவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்குங்கள். லோடு அவசரம் என்பதெல்லாம் காரணமாகாது. தேடல் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருங்கள்.

கே: சொந்தக் காரில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் இதில் ஏறுமா? (கலிஃபோர்னியா)

ப: கிளியரிங்ஹவுஸில் ஏறாது. ஆனால் மாநில ஓட்டுநர் பதிவில் ஏறும். தண்டனை உறுதியானால் கமர்ஷியல் லைசென்ஸ் முதல் முறையே ஓராண்டுக்குப் பறிபோகும். கமர்ஷியல் வண்டியில் குடித்துவிட்டு ஓட்டியதற்குப் போலீஸ் டிக்கெட் வாங்கியிருந்தால் கதையே வேறு. கம்பெனிக்குத் தெரிந்ததும் 3 வேலை நாட்களுக்குள் பதிந்தாக வேண்டும். பின்னர் நீதிமன்றத்தில் தண்டனை கிடைக்காவிட்டாலும் பதிவு போகாது; தண்டனை இல்லை என்பதற்கான ஆவணத்தைச் சேர்க்கும்படி மட்டும் கேட்கலாம்.

கே: பழைய பதிவை எப்படி நீக்குவது? கம்பெனி மாறினால் போகுமா? (டெக்சஸ்)

ப: போகாது. மீறல் உறுதியான நாளிலிருந்து 5 ஆண்டு, அல்லது மீண்டும் பணிக்குத் திரும்பும் நடைமுறையும் தொடர் சோதனைகளும் முடியும் நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை இருக்கும். ஒன்றும் செய்யாமல் 5 ஆண்டு காத்திருந்தால் பதிவும், வண்டி ஓட்டத் தடையும் அப்படியே நிற்கும். 2024 நவம்பர் 18 முதல், தடையில் இருப்பவரின் கமர்ஷியல் லைசென்ஸையே மாநிலம் சாதாரண லைசென்ஸாகத் தரமிறக்க வேண்டும் என்றாகிவிட்டதால், தள்ளிப்போடாதீர்கள். போதை, மதுப் பழக்கத்தை மதிப்பிடத் தகுதிபெற்ற ஆலோசகரைத் தளத்தில் நியமித்து, அவர் சொல்லும் வகுப்பையோ சிகிச்சையையோ முடித்து, அவரது மறுமதிப்பீட்டுக்குப் பின் கண்காணிப்பில் எடுக்கும் சோதனையில் தேற வேண்டும். அதன்பின் முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 முன்னறிவிப்பில்லாத சோதனைகள் உண்டு. நடுவில் கம்பெனி மாறினால் மீதிச் சோதனைகளும் கூடவே வரும்.

பதிந்த விவரம் தவறு என்றால் ‘டேட்டாக்யூஸ்’ என்ற அரசின் திருத்தக் கோரிக்கைத் தளம் வழியாக மனுப் போடலாம். 45 நாளில் முடிவு வரும். அந்தத் தவறால் இப்போது ஓட்ட முடியாமல் இருந்தால் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், 14 நாளில் முடிவு தருவார்கள். சோதனை முடிவே தவறு என்ற வாதம் மட்டும் இங்கே எடுபடாது.

கே: என் பதிவை இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்க முடியுமா?

ப: முடியாது. முதலாளியும் தாம் பார்த்ததை, உங்களை ஓட்ட அனுமதிக்கலாமா என்று தீர்மானிக்க மட்டுமே பயன்படுத்தலாம். பிறரிடம் சொல்லக் கூடாது.