எண்ணெய் வண்ணத்தில் கறுப்பு கவுன் அணிந்த பெண்ணை வரைகிறேன். உடை மட்டும் தட்டையாக, ஓட்டை விழுந்தது போல் தெரிகிறது. ஏன்?

பெரும்பாலும் காரணம் இதுதான்: டியூபிலிருந்து எடுத்த ஐவரி பிளாக்கை உடை முழுக்கப் பூசிவிடுகிறோம். அதற்குமேல் அடர்த்தி கிடையாது என்பதால் மடிப்பின் பள்ளத்தைக் காட்ட வழியே இல்லாமல் போகிறது. எண்ணெய் அதிகம் உறிஞ்சும் கறுப்பு அது, மெதுவாகக் காயும். அடியில் கனமாகப் பூசினால் மேலே சீக்கிரம் காயும் அடுக்கு வெடிக்கவும் செய்யும்.

அடிப்பூச்சுக்கு பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) அல்ட்ராமரீன் நீலமும் ஏறக்குறைய சம அளவில் கலந்து, டர்பன்டைனில் நீர்க்கப் பூசுங்கள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துப் படி என்று வைத்தால், உடையின் பொது நிறம் எட்டில் நிற்கட்டும். பத்தாம் படி இடுப்பு மடிப்பின் ஆழத்துக்கும் கைக்கு அடியில் விழும் நிழலுக்கும் மட்டும்.

துணி என்னவென்று சொல்வது வெளிச்சம் விழும் விதம். சாட்டினில் ஒளி மடிப்பின் முகட்டில் கீற்றாக விழும்; ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு உலர்ந்த பிரஷ்ஷால் கரைத்தும் இருக்க வேண்டும். வெல்வெட் நேர் எதிர்: நம்மைப் பார்க்கும் பரப்பு இருண்டும், வளைந்து திரும்பும் ஓரம் வெளுத்தும் தெரியும். இரண்டையும் ஒரே உடையில் பார்க்க, நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் 'மேடம் எக்ஸ்' (1883–84) படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலுடை வெல்வெட், பாவாடை சாட்டின். பின்னணி பழுப்பு என்பதால்தான் அந்தக் கறுப்பு தனியே எடுபடுகிறது. (1884இல் பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியில் வைத்தபோது, உடையின் தோள் வார் நழுவியிருந்ததே பெரிய ரகளை, பிறகு சார்ஜென்ட்டே அதை ஏற்றி வரைந்தார்.)

கீற்றுக்கு வெறும் வெள்ளை வேண்டாம், ரெக்ஸின் போல ஆகிவிடும். ஜன்னல் வெளிச்சமென்றால் வெள்ளையில் அல்ட்ராமரீனும் அதே கறுப்புக் கலவையும் துளி. நாலைந்து இடம் போதும்.

போன் புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் உடையைத் தொட்டு எக்ஸ்போஷரை ஏற்றி இன்னொரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் படத்தில் மடிப்பெல்லாம் இருட்டில் அமுங்கிவிடும்.

காய்ந்ததும் அம்பர் இடங்கள் மங்கிச் சாம்பல் பூத்தது போல் இருக்கும். நிறம் போதவில்லை என்று மேலும் கறுப்பு அப்பாதீர்கள். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சமமாகக் கலந்து பஞ்சு உதிராத துணியால் மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். உண்மையான நிறம் மேலே வரும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், தானே தீப்பற்றக்கூடியது அது.